போன் வந்த பிறகு நம் கரையில் வேலை கூடியதா, குறைந்ததா?

பாம்பன்காற்று

டிஜிட்டல் பொருளாதாரம் என்றாலே சென்னை ஓஎம்ஆர், பெங்களூரு, கோயம்புத்தூர் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை நம் கரையில் அது யாருக்கு வேலை கொடுத்தது, யார் வேலையில் கை வைத்தது என்று பேசத்தான் இந்த இழை.

2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களுக்கு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பெயர் வைத்துப் பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டில் இருந்து அதில் இடம்பிடித்தவை நம் ராமநாதபுரமும் விருதுநகரும்தான். தொழிற்சாலை வந்ததோ இல்லையோ, செல்போன் கோபுரம் வந்துவிட்டது. இன்று அக்னி தீர்த்தக் கரையில் சங்கு மாலை விற்கிறவர் கழுத்திலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்துப் பையன்கள் ராமநாதபுரம் டவுனுக்குப் போய் சாப்பாட்டு டெலிவரி ஓட்டுகிறார்கள். கருவாடு இன்ஸ்டாகிராமில் விற்கிறது.

இதையெல்லாம் ‘வளர்ச்சி’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘வேலை போச்சு’ என்று சொல்வதும் பொய். வேலை எத்தனை என்பதைவிட, வேலை செய்கிறவருக்கும் அவர் கைக்கு வரும் காசுக்கும் நடுவில் யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சில தொழிலில் போன் அந்த ஆளை மாற்றிவிட்டது. சில தொழிலில் அதே ஆள்தான், கையில் இப்போது போன் வைத்திருக்கிறார்.

அவரவர் தொழிலில் கண்டதைச் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

மண்டபம் மாப்பிள்ளை

தலைப்பைப் பார்த்து வேலை காலி விளம்பரம் என்று ஓடி வந்தேன். சரி, வந்ததுக்கு உட்கார்ந்து படிக்கிறேன்.

வாடைக்காற்று

நல்ல இழை அண்ணே. நான் கொஞ்சம் எதிர்த்தே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடல் தொழிலுக்குப் போன் செய்த நன்மையைக் குறைத்துப் பேசக் கூடாது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரில் இருக்கும் பச்சையத்தையும் பார்த்து, எந்தத் துறையில் இருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டரில் மீன் கூட வாய்ப்பிருக்கிறது என்று சொல்கிறது. காற்று, அலை உயரம் எல்லாம் முன்கூட்டியே கைக்கு வருகிறது. பாம்பனில் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி 2016இல் இருந்து இதை நம் பேச்சிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கினார்கள். டவர் எட்டாத கடலில் இருந்தும் செய்தி அனுப்பலாம், எல்லைக்கோடு நெருங்கினால் எச்சரிக்கை வரும். நம் பக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விலைக்கும் ஓர் ஆதாரம் சொல்கிறேன். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் கேரளத்தில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு பக்கத்து மத்தி மீனவர்களை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1997 முதல் 2001 வரை அங்கே செல்போன் கட்டம் கட்டமாக வந்தது. போன் வருவதற்கு முன்னால் ஒரு துறையில் மத்தி வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள், இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு துறையில் மீன் கிடைக்காமல் வியாபாரி திரும்பிப் போவார். போன் வந்ததும் கடலில் இருந்தே விலை கேட்டு, நல்ல விலை உள்ள துறைக்குப் படகைத் திருப்பினார்கள். 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்த மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் ஆதாயம். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்காது?

தங்கச்சிமடத்தான்

> அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்காது?

நான் சொல்கிறேன் தம்பி. நீங்கள் சொன்ன கதையில் படகை எந்தத் துறைக்கு வேண்டுமானாலும் திருப்பலாம். நம் படகை அப்படித் திருப்ப முடியாது.

எஞ்சின் இறக்கவோ வலை எடுக்கவோ விசைப்படகுக்காரர் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருப்பார். லட்சக்கணக்கில் இருக்கும். நாட்டுப்படகுக்காரருக்குத் தொகை குறையும், கதை அதேதான். அந்தப் பணத்துக்கு வட்டி என்று ஒரு பைசா கேட்க மாட்டார்கள். வெளியில் இருந்து பார்த்தால் தர்மப் பிரபு. ஆனால் பாடு, அதாவது பிடித்த மீன் முழுவதையும் அவர் கடைக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும், அதில் கமிஷனும் கழியும். வட்டி அந்த விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

இப்போது நண்டு எடை போடுகிற இடத்தைப் பாருங்கள். வலையில் இருந்து கழற்றிய நீலக்கால் நண்டைக் கூடையோடு கொண்டு வைப்பார்கள். கடைக்காரப் பையன் ஒவ்வொன்றாகத் தூக்கி அடிவயிற்றை விரலால் அமுக்கிப் பார்ப்பான். அமுங்கினால் தண்ணி நண்டு, அதாவது சட்டை உரித்துச் சதை பிடிக்காதது. அது தனிக் கூடைக்குப் போகும், அதற்கு விலை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நண்டு இன்னொரு கூடை. பெரிய நண்டுக்கு மட்டும்தான் அன்றைய விலை. எது பெரிசு, எது தண்ணி என்று தீர்மானிப்பது அந்த விரல். பாம்பனிலும் தொண்டியிலும் அன்று நண்டு என்ன விலை என்று வாட்சாப் குழுவில் காலை ஐந்து மணிக்கே வந்துவிடுகிறது. எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், ‘சரிப்பா, கணக்கை முடித்துவிட்டுப் போ’ என்பார். அவ்வளவுதான், கூடை திரும்பி வரும்.

முன்னால் கமிஷன் கடைக்காரர் நோட்டில் எழுதினார், இப்போது போனில் படம் பிடித்து அனுப்புகிறார். பாம்பன்காற்று சொன்ன ‘அதே ஆள்’ இவர்தான். அந்தக் கடைக்காரரைத் திட்டவும் எனக்கு மனசில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் போய் நிற்பதும் அவர் வாசலில்தான்.

வாடைக்காற்று

முன்பணம்தான் முடிச்சு என்றால் அவிழ்க்க வழி இருக்கிறதே அண்ணே. 2018-19இல் கிசான் கடன் அட்டையை மீனவர்களுக்கும் நீட்டித்தார்கள். வட்டி 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் அதிலும் 3 சதவீதம் கழியும். பிணையில்லாமல் 2 லட்சம் வரை தரலாம் என்று 2025 ஜனவரியில் வரம்பையும் உயர்த்தினார்கள். கணக்கில் வரவு செலவு ஓடினால் வங்கி நம்பும். அதற்காகத்தான் எல்லோரும் யூபிஐயில் வாங்குங்கள், கொடுங்கள் என்று சொல்கிறேன்.

தங்கச்சிமடத்தான்

கமிஷன் கடை ரொக்கமாகக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தால் கணக்கில் என்ன ஓடும் தம்பி? பாடு 40,000 ரூபாய்க்கு இருக்கும், டீசல், ஐஸ், பழைய பாக்கி எல்லாம் போக கணக்கில் ஏறுவது 6,000. வங்கி அதைத்தான் வருமானம் என்று பார்க்கும்.

2 லட்சம் நாட்டுப்படகுக்குப் போதும், அதை ஒத்துக்கொள்கிறேன். வாங்கியவர்கள் இருக்கிறார்கள். விசைப்படகு எஞ்சினுக்கு அது பத்தாது. அப்புறம், பங்குக்குப் போகிற கூலிக் கடலோடிக்குப் படகே கிடையாது. அவனுக்கு யார் கொடுப்பார்? அவன் படகு முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறான், முதலாளி கமிஷன் கடையில் வாங்குகிறார். சங்கிலி.

மண்டபம் மாப்பிள்ளை

அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நான்தான். வணக்கம்.

டிஎன்65 ஆட்டோ

கடலை விட்டுக் கொஞ்சம் கரைக்கு வாருங்கள். ராமேஸ்வரத்தில் யாத்ரீகரை நம்பிப் பிழைக்கிற கூட்டமும் சின்னக் கூட்டம் இல்லை.

முன்பு ரயில் வந்து நின்றால் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நிற்போம். ‘ரூம் வேணுமா சார், தீர்த்தம் ஆடணுமா, தனுஷ்கோடி போகணுமா’ என்று இந்தி, தெலுங்கு, குஜராத்தி வரை பேசுவோம். லாட்ஜில் கொண்டுபோய் விட்டால் அங்கே ஒரு கமிஷன். அதை வைத்தே குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. இப்போது வருகிறவர் ரயிலிலேயே ரூம் போட்டுவிட்டு, மேப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே போகிறார். ரூம் புரோக்கர் என்ற தொழில் ஏறக்குறைய முடிந்தது. அதில் ஊருக்கு நல்லதும் உண்டு, ஏமாற்றினவர்களும் அதிலேதான் இருந்தார்கள். ஆனால் லாட்ஜ்காரர் அந்தக் கமிஷனை மிச்சம் பிடித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். புக்கிங் ஆப்புக்கு ரூம் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகிறது என்று எனக்குத் தெரிந்த லாட்ஜ் மேனேஜர் புலம்புகிறார். அன்று அந்தக் காசு புரோக்கர் கையில் இருந்து தங்கச்சிமடத்து மளிகைக் கடைக்குப் போயிற்று. இன்று எங்கே போகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆப்பை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறக்கும்வரை இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்கு ரயிலே இல்லை. மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கி பஸ், வேன் பிடித்து வந்தார்கள். ஸ்டேஷன் ஸ்டாண்டை நம்பியிருந்த நாங்கள் அப்போதுதான் அடிபட்டோம். அந்த நேரத்தில் போன் நம்பரை யாத்ரீகருக்குக் கொடுத்து, கூகுளில் பெயரைப் பதிந்து, அடுத்தடுத்த குடும்பத்துக்கும் சொல்லச் சொல்லி ஓட்டியவர்கள் தப்பித்தார்கள். ரயில் திரும்பி வந்தபோது அவர்களுக்கு ஸ்டாண்டே தேவைப்படவில்லை. எங்கள் ஸ்டாண்டில் வயசானவர்கள் மட்டும் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. கோயில் பெயரிலும் லாட்ஜ் பெயரிலும் போலி இணையப் பக்கம் போட்டுக் காசை வாங்கிவிடுகிறார்கள். நடுராத்திரியில் குழந்தைகுட்டியோடு வந்து இறங்கி, புக் பண்ண ரூமே இல்லை என்று நிற்கிற குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாங்கள்தான் ஊர் சுற்றுகிறோம். இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே போன் போடுங்கள் என்று சொல்வேன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

கேணிக்கரை ரைடர்

டெலிவரி பற்றி மேலே ஒரு வரி வந்தது. நான் அதில் ஓடுகிறவன், அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். முன்பு 5,000 ஆக இருந்தது, 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் உயர்த்தி அறிவித்தார்கள். இரண்டு மாசத்துக்கு அது எதற்கு ஆகும்? அதனால் விசைப்படகில் போகிற பையன்கள் ஏப்ரல் கடைசியில் டவுனுக்கு வந்து டெலிவரி ஆப்பில் ஐடி போடுகிறார்கள். பைக், லைசென்ஸ், போன் இருந்தால் போதும், சிபாரிசு வேண்டாம். சாதி, ஊர், யார் பிள்ளை என்று ஆப் கேட்பதில்லை. இது உண்மையிலேயே பெரிய விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், நம் டவுன் சென்னை இல்லை. அரண்மனை வாசல், பாரதி நகர், பட்டணம்காத்தான், அதற்குள்ளேயே சுற்றுகிறோம். மதியம் கொஞ்சம், ராத்திரி ஏழரையில் இருந்து பத்து வரை கொஞ்சம். நடுவில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதற்குக் காசு கிடையாது. தடைக்காலத்தில் கடல் பையன்களும் சேர்ந்துகொண்டால் ஆர்டர் அதே எண்ணிக்கை, ஆள் மட்டும் இரட்டிப்பு. அவர்கள் மேல் கோபப்பட முடியுமா? எல்லோரும் தெரிந்த பையன்கள்.

ஒருமுறை வாடிக்கையாளர் சாப்பாடு வரவில்லை என்று புகார் போட்டுவிட்டார். நான் கொடுத்தது அவர் மாமியார் கையில். ஐடியை முடக்கிவிட்டார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? சாட்டில் ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. டவுனில் ஆபீஸ் கிடையாது. ஊரில் முதலாளி கெட்டவராக இருந்தாலும் வீட்டு வாசலில் போய் நின்று கத்தலாம், இல்லாவிட்டால் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போகலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

பாம்பன்காற்று

ரைடர் தம்பி சொன்னதைக் கவனியுங்கள். தங்கச்சிமடத்தான் அண்ணன் சொன்ன கமிஷன் கடைக்காரருக்கு முகம் உண்டு. நெஞ்சுவலிக்குக் காசு தருவார், தண்ணி நண்டென்று தள்ளுவார், இரண்டையும் முகத்துக்கு நேரே செய்வார். ஆப் கடனில் கட்டிப் போடவில்லை, சரி. ஆனால் பேச ஆளில்லை. இரண்டில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடன் இல்லாமல் நாளைக்கே விட்டுப்போகலாம் என்ற ஒன்றுக்காக நான் ஆப் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

தங்கச்சிமடத்தான்

விட்டுப்போகலாம். எங்கே போவது?

வாடைக்காற்று

பேச ஆளில்லை என்பதற்குச் சட்டத்தில் கொஞ்சம் வழி செய்திருக்கிறார்கள். நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2020-21இல் நாட்டில் இப்படி மாதச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வேலை காசு வாங்கும் கிக் தொழிலாளர் 77 லட்சம் பேர், 2029-30இல் 2.35 கோடி ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. ஆப் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நல நிதிக்குக் கட்ட வேண்டும். தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தனி நல வாரியம் அமைப்பதாக 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்தார், வாரியமும் வந்துவிட்டது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்றார்கள்.

கேணிக்கரை ரைடர்

மானியம் நல்லதுதான். ஆனால் தம்பி, என் ஐடியை எதற்காக முடக்கினாய் என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா? அதுதான் எனக்கு முதலில் வேண்டும், ஸ்கூட்டர் அப்புறம்.

நெத்திலி அக்கா

ஆம்பளைகள் பேசி முடித்தால் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

நாங்கள் கருவாடு போடுகிறோம். நெத்திலி, காரல், சூடை, திருக்கை, சீசனில் சீலா. முன்பு வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டி மொத்த வியாபாரிக்குக் கொடுப்போம். மழை வருகிற மாதிரி இருந்தால் அவர் வேண்டுமென்றே இரண்டு நாள் கழித்து வருவார், விலை தானாக இறங்கும். இப்போது என் மகள் வீடியோ எடுத்துப் போடுகிறாள். வலைத்தட்டில் காய்வதைக் காட்டுகிறாள், மண்ணில் போடவில்லை பாருங்கள் என்கிறாள். திருப்பூர், ஓசூர், பெங்களூரு என்று நம் ஆட்கள் வேலைக்குப் போன இடத்தில் இருந்தெல்லாம் கேட்கிறார்கள்.

வேலை கூடியதா என்றால் கூடியது. தலை கிள்ள, கழுவ, காற்றில்லாமல் பையில் அடைக்க பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் வருகிறார்கள். தினக்கூலி கொடுக்கிறேன். நண்டுக் கம்பெனிக்கு சதை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அங்கே எடைக்குக் கூலி, நண்டு வராத நாளில் கூலியே இல்லை.

ஆனால் சும்மா வீடியோ போட்டதும் காசு கொட்டும் என்று நம்பி வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் தலைவலி கூரியர். வாசனை வந்தால் பார்சலை எடுக்க மாட்டார்கள். இரட்டைப் பை போட்டு, நடுவில் காகிதம் சுற்றி, அதற்கு மேல் அட்டைப்பெட்டி. அரைக் கிலோ நெத்திலிக்குப் பெட்டியும் அனுப்புகிற செலவும் சேர்ந்தால் கருவாட்டு விலையில் பாதி வந்து நிற்கும். அதனால் ஒரு கிலோவுக்குக் கீழே நான் ஆர்டர் எடுப்பதே இல்லை. இரண்டாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எடுக்காமல் தொடங்காதீர்கள். மூன்றாவது உப்பு. ஊர்க்காரருக்கு உப்பு தெரியும், ஊறவைத்துச் சமைப்பார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் அப்படியே குழம்பில் போட்டுவிட்டு ஒரே உப்பு என்று ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இப்போது ஒவ்வொரு பையிலும் ‘வெந்நீரில் பத்து நிமிஷம்’ என்று சீட்டு ஒட்டுகிறாள் மகள்.

சின்னப்பாலம்

நெத்திலி அக்கா, உங்கள் காசு யார் கணக்குக்கு வருகிறது?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களும் மீன் கூடை தூக்குகிற பெண்களும் இப்போது க்யூஆர் வைத்திருக்கிறார்கள். கூடைக்காரர் ஒருவரிடம் மீன் வாங்கிவிட்டு ஸ்கேன் பண்ணினால், பெயர் அவர் மகன் பெயராக வருகிறது. மகன் திருப்பூரில். சாயங்காலம் ‘ஏலே, எவ்வளவுடா வந்திருக்கு’ என்று போன் போட்டு அவனிடம் கேட்கிறார். மறுநாள் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்க ரொக்கம் வேண்டும், காசோ போனில். பக்கத்துக் கடையில் கொடுத்து மாற்றினால் நூற்றுக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ பிடிக்கிறார்கள். யூபிஐக்குக் கட்டணமே இல்லை என்பது உண்மைதான், 2020 ஜனவரியில் இருந்து கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கட்டணம் இப்படி வேறு வழியில் வந்துவிடுகிறது. போதாததற்கு, காசு வந்துவிட்டது என்று சத்தமாகச் சொல்கிற பெட்டிக்கு மாச வாடகை.

முன்பு முந்தானையில் முடிந்து வைத்த காசு எவ்வளவு என்று அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது.

நெத்திலி அக்கா

என் கணக்கு, என் நம்பர், சிம்மும் என் பெயரில். அதை மட்டும் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் முகம் ஒரு வாரம் சரியில்லை. நீங்கள் சொல்கிற கூடைக்கார அம்மாவுக்குக் கணக்கு இருக்கும், நூறு நாள் வேலைக்காகத் திறந்தது. அதில் அவர் போன் நம்பரைச் சேர்த்தால் முடிந்தது. மகளிர் குழுவில் யாராவது ஒரு நாள் கூட உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

மண்டபம் மாப்பிள்ளை

அக்கா, சங்கு, சிப்பி, பவளப்பாறை எல்லாம் ஆன்லைனில் போட்டால் நல்லா போகுமா? வடக்கே நல்ல விலை என்கிறார்கள்.

சின்னப்பாலம்

பவளப்பாறையா? உள்ளே போய்விடாதீர்கள் தம்பி. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்கு எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. கடல் அட்டை 2001இல் இருந்தே தடை. நாம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவின் கரையில் உட்கார்ந்திருக்கிறோம். இணையத்தில் படம் போட்டு விற்றால் நீங்களே சாட்சியத்தை எழுதிக் கொடுத்த மாதிரி.

மண்டபம் மாப்பிள்ளை

சரி, டெலிவரிக்கே போகிறேன்.

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. நம் மாவட்டத்தில் வேலை என்றால் பாதிப் பேருக்கு அது சவூதி, துபாய், கத்தார், சிங்கப்பூர்தான். அந்தப் பக்கமும் ஆன்லைன் ஆகிவிட்டது.

நல்லது முதலில். 2023 ஜனவரியில் சில வளைகுடா நாடுகள் உட்படப் பத்து நாட்டு நம்பரில் யூபிஐ வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். மளிகைக் கடைப் பாக்கியை அங்கே இருந்தே நேராகக் கடைக்காரருக்குப் போட முடிகிறது. ஊரில் இருந்துகொண்டே துபாய்க் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற, படம் வடிவமைத்துக் கொடுக்கிற பிள்ளைகள் கீழக்கரையில் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல், வெளியே அனுப்பத் தயங்குகிற வீட்டிலும் இதற்குத் தடை சொல்வதில்லை. ஐடி கம்பெனிகளுக்கான டைடல் பார்க் வேண்டும் என்று கேட்கிறோம், தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் மினி டைடல் திறந்தார்கள், நமக்கும் வரட்டும். வருகிறவரைக்கும் இந்தப் பிள்ளைகள் வீட்டு மாடியில்தான்.

இப்போது கெட்டது. ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாசம் எண்பதாயிரம், டிக்கெட் இலவசம்’ என்று டெலிகிராமில் வருகிறது. போய் இறங்கினால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு கம்போடியா, லாவோஸ், மியான்மர் எல்லைக்குக் கொண்டுபோய், நம் ஆட்களையே போனில் ஏமாற்றச் சொல்லி அடிக்கிறார்கள். வெளியுறவுத் துறை பலமுறை எச்சரித்துவிட்டது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

ஊரிலேயே இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு வலை. ‘உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, வருகிற பணத்தில் உனக்கு இரண்டு சதவீதம்’ என்பார்கள். வேலை மாதிரித்தான் இருக்கும். ஏமாற்றின பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் வந்து நிற்பது கணக்கு யார் பெயரிலோ அவர் வீட்டில். என்ன நடக்கிறது என்றே தெரியாமல் காலேஜ் பையன் ஒருவன் அப்படி மாட்டியதை நான் பார்த்தேன். அவன் உம்மா அழுத அழுகை.

வாடைக்காற்று

காக்கா சொன்னதை எல்லோரும் குழுக்களில் போடுங்கள்.

தங்கச்சிமடத்தான் அண்ணே, உங்களிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நாட்டுப்படகுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, கிசான் கடனில் முன்பணத்தை அடைத்துவிட்டு, பாட்டைத் தாங்களே ஏலம் போட்டால்? 2024 பிப்ரவரியில் மீன் உற்பத்தியாளர் நிறுவனங்களை ஓஎன்டிசி என்ற இணைய விற்பனைத் தளத்தில் சேர்க்க மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. நெத்திலி அக்கா மாதிரி நேரே விற்கலாமே?

தங்கச்சிமடத்தான்

கருவாடு ஒரு மாசம் இருக்கும் தம்பி, அக்கா காத்திருக்கலாம். பச்சை மீன் காத்திருக்காது. ஐஸ் வேண்டும், பெட்டி வேண்டும், ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். இந்த மூன்றும் இன்று கமிஷன் கடைக்காரரிடம் இருக்கிறது. ஆப் வாங்குகிற ஆளைக் காட்டும், ஐஸைக் காட்டாது.

ஆனால் பத்துப் பேர் என்று சொன்னீர்களே, அது நடக்கக்கூடியது. எங்கள் பக்கம் நண்டு வலைக்காரர்கள் சில பேர் முன்பணம் வாங்காமல் தொழில் செய்கிறார்கள். அவர்கள் கூடையை அமுக்கிப் பார்க்கிற விரல் கொஞ்சம் மெதுவாகத்தான் அமுக்குகிறது. அவர்களுக்கு அந்த வாட்சாப் விலையும் பயன்படுகிறது. இரண்டு கடையில் கேட்டுவிட்டுப் போடுகிறார்கள். கடன் இல்லாதவனுக்குப் போன் உதவுகிறது, அதை மறுக்க மாட்டேன்.

பாம்பன்காற்று

அப்படியானால் ஐஸ், வண்டி இரண்டுக்கும் தனி இழை போடலாம். பாம்பன், மண்டபம் பக்கம் கூட்டுறவுச் சங்கம் வழியாக முயற்சி செய்தவர்கள் இருந்தால் அங்கே எழுதுங்கள். எவ்வளவு போட்டார்கள், எங்கே நின்றது என்று கணக்கோடு வேண்டும், வீரவசனம் வேண்டாம்.

டிஎன்65 ஆட்டோ

வண்டிக்கு என் தம்பியைக் கேட்கலாம், மினி லாரி வைத்திருக்கிறான். டீசல் காசை முன்னாடி கொடுத்தால் வருவான். முன்பணம் என்று சொல்லிவிடாதீர்கள், அலறுவான்.

கேணிக்கரை ரைடர்

நல வாரியம் பற்றிச் சொன்ன தம்பிக்கு: பதிவுக்கு என்னென்ன வேண்டும்? கம்பெனி லெட்டர் கேட்பார்களா? கேட்டால் எங்களுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

வாடைக்காற்று

மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் டெலிவரி, டாக்சி ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அதை முதலில் முடியுங்கள். ஆதார், ஆதாரோடு இணைத்த போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் கையில் இருக்கட்டும். 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாநில வாரியத்துக்கு ராமநாதபுரத்தில் தொழிலாளர் நலத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்பதுதான் நல்லது. போகும்போது ஆப்பில் உங்கள் பெயர், ஐடி எண், ஓட்டிய ஆர்டர்கள் தெரிகிற பக்கத்தைப் படம் பிடித்து அச்சு எடுத்துக்கொண்டு போங்கள். லெட்டர் இல்லை என்றால் அதைக் காட்டலாம்.

கேணிக்கரை ரைடர்

ஆதாரில் பழைய நம்பர் இருக்கிறது, அந்த சிம் கடலில் விழுந்து மூன்று வருஷம் ஆச்சு. முதலில் அதை மாற்ற வேண்டும். திங்கட்கிழமை காலையில் போகிறேன், யாராவது வருகிறீர்களா?

மண்டபம் மாப்பிள்ளை

நான் வருகிறேன் அண்ணே. திங்கள் படகு போகிற நாள், ஆனால் காற்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்க மாட்டார்கள். எட்டு மணிக்கு டவுன் பஸ் ஸ்டாண்ட்.